மாமா தந்த டெவலப்பிங் டேங்க்: ரீலில் பிலிம் சிக்குகிறது, கறை போகவில்லை, எப்படிச் சுத்தம் செய்வது?

மஸ்கெலியா_35

எல்லோருக்கும் வணக்கம். என் மாமா டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். டிஜிட்டல் வந்த பிறகு கடையை மூடிவிட்டு இருட்டறைச் சாமான்களை எல்லாம் ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார், போன வருடம் பெட்டியோடு என்னிடம் தந்துவிட்டார். பிலிம் கழுவுகிற பாட்டர்சன் டேங்க் இரண்டு, அதற்குள் பிலிமைச் சுருட்டி வைக்கிற பிளாஸ்டிக் ரீல் மூன்று, ஸ்டீல் ரீல் ஒன்று, எனாமல் தட்டு மூன்று, ஒரு தெர்மோமீட்டர், அளவுக் கிளாஸ், பழுப்புப் போத்தல்கள், அப்புறம் நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கி அச்சுப் போடுகிற ஒரு என்லார்ஜர். பெட்டியைத் திறந்ததும் வினாகிரியும் துருவும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. சின்ன வயதில் மாமாவின் சட்டையில் அடித்த அதே வாசனை.

இதுவரை நான்கு ரோல் மருந்தில் கழுவியிருக்கிறேன். முதல் மூன்று எப்படியோ வந்துவிட்டன. நான்காவது, அம்மாயி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன கடைசி நாளில் நானும் கூடவே மலைக்கு ஏறி எடுத்த ரோல். ஜூன் மாதம், மழை விடவே இல்லை. இரவு வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக்குக்குள் கையை விட்டு ரீலில் ஏற்றினேன், பாதி வரை போய் நின்றுவிட்டது. ஆட்டிப் பார்த்தேன், பின்னால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. வெளியே எடுத்தும் பார்க்க முடியாது. இருபது நிமிடம் போராடி, கையெல்லாம் வியர்த்து, கடைசியில் பலமாகத் தள்ளி ஏற்றினேன். கழுவி எடுத்தால் எட்டுப் படத்தில் பிறை மாதிரிக் கறுப்பு அடையாளம். இரண்டு இடத்தில் பிலிமும் பிலிமும் ஒட்டிக்கொண்டு, மருந்தே படாமல் பால் நிறத்தில் இருக்கிறது. அம்மாயி கூடையை இறக்கி வைக்கும் படம் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான்.

அதனால் இனி அடுத்த ரோலைத் தொடுவதற்கு முன் சாமான்களை ஒழுங்காகச் சுத்தம் செய்ய வேண்டும். டேங்கின் உள்ளே, ரீலில், தட்டில் எல்லாம் பழுப்புக் கறை, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பிளீச் ஊற்று என்று வீட்டில் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது. காய்ந்த நெகட்டிவில் வெள்ளைப் புள்ளிகள் வருகின்றன. டேங்க் மூடி ஒழுகுகிறது. இன்னொன்று, முடிந்துபோன ஹைப்போவை, அதாவது பிலிமில் படத்தை நிலைக்க வைக்கிற மருந்தை, எங்கே ஊற்றுவது? எங்கள் வீட்டுக் கான் நேராக ஓடையில்தான் போய் விழுகிறது, மனது ஒப்பவில்லை, இரண்டு போத்தலில் அடைத்து வைத்திருக்கிறேன்.


நானுஓயா_நெகட்டிவ்

தம்பி, அந்த ரோலைப் படித்ததும் எனக்கு வயிறு பிசைந்தது. எனக்கும் நடந்திருக்கிறது, நம் பக்கத்தில் பிலிம் கழுவுகிற எல்லோருக்கும் ஒரு தடவையாவது நடக்கும். பழுப்புக் கறையைக் கொஞ்சம் மறந்துவிடு, அது உன் பிலிமைக் கெடுக்கவில்லை. கெடுத்தது ஈரம்.

பிளாஸ்டிக் ரீல் வெறும் கைக்குக் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், ஆனால் வரிப்பள்ளத்துக்குள் ஒரு துளி ஈரம் இருந்தாலும் பிலிமின் மேல் பூச்சான ஜெலட்டின் அதில் பட்டவுடன் ஊறி ஒட்டிக்கொள்ளும். மேலே நீ தள்ளத் தள்ள பிலிம் வளைந்து மடியும், அந்த மடிப்புத்தான் பிறை அடையாளம். பேக்குக்குள் கை வியர்த்த பிறகு நிலைமை இன்னும் மோசம், அது சின்ன நீராவி அறை மாதிரி ஆகிவிடும். பத்து நிமிடத்தில் ஏறவில்லை என்றால் போராடாதே. பிலிமை ரீலிலிருந்து கழற்றி, ரீல் இல்லாமல் வெறும் டேங்குக்குள் போட்டு, நடுக்குழாயை வைத்து மேல் மூடியைத் திருகிவிட்டுக் கையை வெளியே எடு. நடுக்குழாய் இல்லாமல் மூடினால் வெளிச்சம் உள்ளே போய்விடும், அதை மட்டும் மறக்காதே. பிறகு ஒரு தேநீர் குடித்துவிட்டு, கையையும் ரீலையும் காய வைத்து மறுபடி தொடங்கலாம்.

இரண்டாவது காரணம் அழுக்கு, கண்ணுக்குத் தெரியாத அழுக்கு. தண்ணீர் துளியாக நிற்காமல் வழிவதற்குக் கடைசியில் போடுகிற வெட்டிங் ஏஜென்டுக்குள் பிலிமை ரீலோடு முக்குகிறாயா? உன் மாமா காலத்திலிருந்து அப்படிச் செய்திருந்தால் அது ரோலுக்கு ரோல் பள்ளத்துக்குள் படிந்து காய்ந்திருக்கும். ரீலின் வாயில், பிலிம் நுழைகிற இடத்தில், இரண்டு பக்கமும் குட்டி இரும்புக் குண்டு ஒன்று இருக்கும் பார். ரீலைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டு. குண்டு கலகலவென்று ஓட வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் அது பசையில் மாட்டியிருக்கிறது, பிலிமைப் பிடித்து இழுக்காது.

கை தாங்குகிற சூட்டில் தண்ணீர் எடுத்து ரீலை அரை மணி நேரம் ஊறப் போடு. கொதிதண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்தால் அப்புறம் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சேராது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாக, உள்ளிருந்து வெளியே தேய். சவர்க்காரம் போடாதே, அதுவும் படியும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்று. குண்டு ஓடுகிற இடத்தில் பென்சில் முனையால் இலேசாகத் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும், நான் வருடக்கணக்காக அப்படித்தான் செய்கிறேன்.

அப்புறம் காய வைப்பது. கழுவுவதைவிட இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். ஹேர் டிரையர் இருந்தால் இளஞ்சூட்டில் காட்டலாம். நான் ரீல்களையும் சேஞ்சிங் பேக்கையும் முதல் நாள் இரவே குசினியில், அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கிற கம்பியில் தொங்கவிட்டு, காலையில் மூடி போட்ட டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடுவேன். ஏற்றுகிற நிமிடம் வரை டப்பா திறக்காது. பிலிம் முனையின் இரண்டு மூலையையும் கத்தரியால் இலேசாக வளைத்து வெட்டிவிடு, அதுவும் உதவும். கெட்டுப்போன அந்த ரோலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை ஏற்றிப் பழகு என்று சொல்ல வந்தேன், வேண்டாம், அது அம்மாயி ரோல். வேறு ஒரு காலாவதியான ரோலை வாங்கிப் பழகு.


பழைய_இருட்டறை

தம்பிக்கு வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு ஸ்டூடியோ இருட்டறையில் 22 வருடம் நின்றவன் நான். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற காலத்தில் தோட்டம் தோட்டமாக வந்து வரிசையில் நிற்பார்கள், ஒரே நாளில் பத்துப் பதினைந்து ரோல் கழுவுவோம். அதனால் சாமான் பராமரிப்பு பற்றிக் கொஞ்சம் தெரியும்.

நானுஓயா தம்பி சொன்னது சரி, பழுப்புக் கறையால் கெடுதல் இல்லை, அது டெவலப்பர், அதாவது படத்தை வெளிக்கொண்டு வருகிற மருந்து, காற்றுப் பட்டு மாறியதுதான். பிளாஸ்டிக்கில் ஊறிப்போனது முழுதாகப் போகாது, போகவும் தேவையில்லை. விரலால் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கிறதா, மேலே பொருக்கு நிற்கிறதா என்று மட்டும் பார். பொருக்கு இருந்தால்தான் வேலை.

பிளீச் போடலாம், ஆனால் ஒழுங்கு முறையோடு. ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீருக்குக் குறையாமல் கலந்து, அரை மணி நேரம், ஜன்னல் திறந்த இடத்தில். அதற்கு முன் சாமானில் டெவலப்பரை நிறுத்துகிற அமில மருந்தான ஸ்டாப் பாத், ஹைப்போ, வினாகிரி எதுவும் ஒரு சொட்டும் இருக்கக்கூடாது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு நாள் ஸ்டாப் பாத் தட்டைச் சரியாக அலசாமல் பிளீச்சை ஊற்றிவிட்டேன். ஆறடிக்கு ஆறடி அறை, ஜன்னல் இல்லை. தொண்டை அடைத்து, கண் எரிந்து, கதவைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை, முதலாளிதான் இழுத்து வெளியே விட்டார். இரண்டு நாள் இருமினேன். ஆகவே வினாகிரியால் ஒரு நாள், பிளீச்சால் வேறொரு நாள், நடுவில் நிறையத் தண்ணீர். பிளீச் போட்ட பிறகும் பத்துத் தடவை அலசு, மிச்சம் இருந்தால் பிலிமைத் தின்னும்.

எனாமல் தட்டில் எங்காவது எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிகிறதா பார். தெரிந்தால் அந்தத் தட்டை மருந்துக்குப் பயன்படுத்தாதே, கழுவுகிற தண்ணீருக்கு வைத்துக்கொள்.

இப்போது முக்கியமான ஒன்று. ஹைப்போ பட்ட எதுவும் டெவலப்பருக்குள் போகக்கூடாது. டெவலப்பர் கொஞ்சம் ஹைப்போவில் போனால் தாங்கும், ஹைப்போ டெவலப்பரில் போனால் தாங்காது. கிளாஸ், புனல், கரண்டி, போத்தல், எல்லாம் தனித்தனி. நாங்கள் ஹைப்போச் சாமான் எல்லாவற்றிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தோம், சிவப்பு விளக்கில் அது தெரியாது என்று அப்புறம்தான் புரிந்து, கைக்குத் தட்டுப்படும்படி ரப்பர் வளையம் மாட்டினோம். ஒரு கலியாண வேலையில் புனல் மாறிப்போய் இரண்டு ரோல் வெளிறிப் போனது. அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு புனலை யாரையும் தொட விட்டதில்லை.

மூடி ஒழுகுவது பெரும்பாலும் விளிம்பில் காய்ந்த ஹைப்போ உப்பாலேதான். உதட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கும், வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றித் துடைத்து எடு. மூடும்போது மேல் மூடியின் நடுவை அழுத்தி உள்காற்றை வெளியேற்றிக்கொண்டே விளிம்பை அமுக்கு. மருந்தும் டேங்கின் அடியில் எழுதியிருக்கிற அளவுதான், 35 மி.மீ. ரீல் ஒன்றுக்கு 290 மி.லி.

தெர்மோமீட்டரை நம்பாதே, பழசு. காய்ச்சல் பார்க்கிற கருவியையும் இதையும் ஒரே கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில், 38 டிகிரி அளவில், வைத்துப் பார். இரண்டு டிகிரி கூடக் காட்டினால் அதை ஒரு துண்டில் எழுதி அதிலேயே ஒட்டிவிடு. நம் குளிரில் இது பெரிய விஷயம். விடிகாலைக் குழாய்த் தண்ணீரில் டெவலப்பர் கலந்தால் அதிலிருக்கிற ஹைட்ரோகுயினோன் வேலையே செய்யாது, 13 டிகிரிக்குக் கீழே அது தூங்கிவிடும். எல்லா மருந்தையும் ஒரு பேசின் வெந்நீரில் போத்தலோடு நிறுத்தி 20 டிகிரிக்குக் கொண்டு வந்துவிட்டுத் தொடங்கு.

கடைசியாக, நெகட்டிவைத் தொங்கவிட்ட கையோடு, வேறு எதையும் தொடுவதற்கு முன், டேங்க், ரீல், மூடி, கிளாஸ் எல்லாவற்றையும் கழுவிவிடு. ஈரமாக இருக்கும்போது இரண்டு நிமிட வேலை, காய்ந்த பிறகு இரண்டு மணி நேரம்.


மஸ்கெலியா_35

நானுஓயா அண்ணே, ஐயா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. இன்று ரீலை ஊறப் போட்டுத் தேய்த்தேன். பள்ளத்துக்குள்ளிருந்து கஞ்சி ஆடை மாதிரி வெள்ளையாக, வழுவழுப்பாக ஒன்று பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டு வந்தது. மூன்று ரீலில் ஒன்றில் குண்டு சுத்தமாகச் சத்தமே போடாமல் இருந்தது, இரண்டாவது ஊறலுக்குப் பிறகு திடீரென்று விடுபட்டுக் கலகலத்தது, அவ்வளவு சந்தோஷம். அது அம்மாயி ரோல் ஏற்றிய அதே ரீல் என்று நினைக்கிறேன். மூடி விளிம்பிலும் ஐயா சொன்ன வெள்ளை உப்பு இருந்தது.

தெர்மோமீட்டர் ஒன்றரை டிகிரி கூடக் காட்டுகிறது.

வெள்ளைப் புள்ளியும் ஹைப்போவும்தான் மிச்சம். எங்களுக்கு மலையிலிருந்து வருகிற பீலித் தண்ணீர்தான், குழாய் போட்டு வீட்டுக்கு எடுத்திருக்கிறோம்.


வெலிமடை_டீச்சர்

தம்பி, நான் இரசாயனம் படிப்பிக்கிறேன், வீட்டில் கறுப்பு வெள்ளை கழுவுகிறேன். ஹைப்போவை ஓடையில் ஊற்றாமல் போத்தலில் அடைத்து வைத்தீர்களே, அது நல்ல காரியம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புது ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட், பெரிய ஆபத்தில்லை. பிலிமைக் கழுவிய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது, மீனுக்கும் தண்ணீரில் வாழ்கிற சிற்றுயிர்களுக்கும் அதுதான் நஞ்சு. உங்கள் ஓடை மஸ்கெலி ஓயாவில் விழும், அது மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வழியாகப் போய்க் கெஹெல்கமு ஓயாவோடு சேர்ந்தால் களனி கங்கை. கொழும்புக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் அம்பத்தளையில் அந்தக் களனியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஒரு வீட்டு ஹைப்போவால் கொழும்பு வரை எதுவும் போய்ச் சேராது, ஆனால் உங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே இருக்கிறவர்கள் அந்த ஓடையில்தானே துணி துவைக்கிறார்கள், பிள்ளைகள் குளிக்கிறார்கள்.

பிளாஸ்டிக் வாளி ஒன்றில் பழைய ஹைப்போவை ஊற்றி, சட்டி தேய்க்கிற இரும்புக் கம்பிச் சுருளை உள்ளே போடுங்கள். சவர்க்காரம் ஏற்றிய வகை வேண்டாம், வெறும் இரும்பு. இரும்பு கரைந்து தண்ணீருக்குள் போகும், அதற்குப் பதிலாக வெள்ளி கறுப்புச் சேறாக வெளியே வந்து அடியில் படியும். ஒரு வாரம் மூடி வையுங்கள், வீட்டுக்கு வெளியே. தெளிந்த தண்ணீரை இறுத்து, நிறையத் தண்ணீர் கலந்து கக்கூஸ் குழியில் விடலாம், கானில் வேண்டாம். அடியில் நிற்கிற சேற்றைக் காய வைத்துப் போத்தலில் சேருங்கள். அதில் இருப்பது வெள்ளி.

அதோடு ஹைப்போவைத் தேவைக்கு முன்னமே எறியாமலும், செத்த பிறகு பயன்படுத்தாமலும் இருக்க ஒரு சோதனை. பிலிம் முனையில் வெட்டிய துண்டை வெளிச்சத்திலேயே புது ஹைப்போவில் போட்டு எத்தனை விநாடியில் தெளிகிறது என்று எழுதி வையுங்கள். ரோலைக் குறைந்தது அதைப்போல இரண்டு மடங்கு நேரம் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள், தெளிகிற நேரம் முதல் நாளைவிட இரண்டு மடங்கு ஆன அன்றைக்கு அது முடிந்தது.

வெள்ளைப் புள்ளிக்கு வருகிறேன். யாழ்ப்பாணக் கிணறு மாதிரி நம் மலைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை, ஆனால் மழை பெய்தால் பீலியில் மண் வரும், பாசி வரும், கண்ணுக்குத் தெரியாத மணலும் வரும். ஒரு கண்ணாடிக் கிளாஸில் பிடித்து இரவு முழுக்க வைத்துக் காலையில் அடியைப் பாருங்கள், நான் சொல்வது தெரியும். ஈர ஜெலட்டினில் அந்த மணல் பதிந்துவிட்டால் அப்புறம் எடுக்கவே முடியாது. அதனால்தான் பிலிமை விரலாலோ ரப்பர் இடுக்கியாலோ வழிக்கக்கூடாது, ஒரே ஒரு மணல் போதும், முப்பத்தாறு படத்துக்கும் நீளமாக ஒரு கோடு. குழாய் வாயில் நான்கு மடிப்பு வெள்ளைத் துணி கட்டுங்கள், வாரத்துக்கு ஒரு தடவை அதைக் கழற்றித் துவையுங்கள். மருந்து கலக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, தெளிவை மட்டும் எடுங்கள்.

கடைசி அலசலுக்குப் பெற்றோல் செட்டில் விற்கிற பட்டரித் தண்ணீர் வாங்குங்கள், காய்ச்சி வடித்தது, ஒரு போத்தல் மூன்று நான்கு ரோலுக்கு வரும். லேபிளைப் பார்த்து வாங்குங்கள், பட்டரி அசிட் வேறு. வெட்டிங் ஏஜென்ட் லீற்றருக்கு 5 மி.லி. போதும், உங்கள் 300 மி.லி.க்கு ஒன்றரை, ஃபார்மசியில் ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கி அளந்து போடுங்கள். கூடப் போட்டால் அதுவே புள்ளியாகக் காயும். அதைத் தனிக் கோப்பையில் கலந்து, பிலிமை ரீலிலிருந்து கழற்றிய பிறகு முக்குங்கள், ரீல் அதைப் பார்க்கவே கூடாது.

தண்ணீர் குறைவான நாளில் ஓடுகிற குழாயில் பிடிக்காமல், டேங்கை நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்து ஊற்றி, மறுபடி நிரப்பிப் பத்துத் தடவை, மறுபடி இருபது தடவை. இல்ஃபோர்ட் சொல்கிற முறை, ஒரு லீற்றருக்குள் வேலை முடிந்துவிடும்.


பொகவந்தலாவ_மழை

நல்ல உரையாடல். என்லார்ஜரைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் ஒரு வார்த்தை. தேயிலைப் பெட்டியில் வருடக்கணக்காக இருந்தது என்றால் லென்ஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சணம். அதை மற்றச் சாமான்களோடு வைக்காதீர்கள். மே முதல் செப்டம்பர் வரை எங்கள் பக்கத்தில் சுவரே வியர்க்கும், நான் லென்ஸையும் கேமராவையும் இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மாதத்துக்கு ஒரு தடவை ஜெல்லைச் சட்டியில் வறுத்துத் திரும்பப் போடுகிறேன். என்லார்ஜரின் துருத்தி மாதிரி மடிகிற பெல்லோஸின் மடிப்புகளில் ஊசித் துளை இருக்கிறதா என்று இருட்டில் உள்ளே விளக்கை வைத்துப் பாருங்கள்.

டீச்சர் தண்ணீரைப் பற்றி எழுதியதும் ஜூலியா மார்கரெட் கேமரன் நினைவு வந்தது. இங்கிலாந்தில் பெரிய பெயர் எடுத்த புகைப்படக் கலைஞர், 1875-ல் கணவரோடு இலங்கைக்கு வந்து 1879-ல் இங்கேயே இறந்தார். எங்கள் ஊர் சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம். அவருடையது ஈரக் கொலோடியன் முறை, கண்ணாடித் தட்டில் மருந்தைப் பூசி அது காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டும். இந்த மழைக்குள் அந்த வேலையை நினைத்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகும்போது கல்லறையில் ஒரு நிமிடம் நிற்பேன்.


பழைய_இருட்டறை

மஸ்கெலியா தம்பி, அம்மாயி படத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த நெகட்டிவை எறிந்துவிடவில்லையே? பால் நிறத்தில் நிற்கிற இடத்தில் ஹைப்போ படவில்லை, அப்படியே விட்டால் நாளாக நாளாகக் கறுத்து அழுக்காகிவிடும். புது ஹைப்போ கலந்து முழு ரோலையும் மறுபடி அதில் போட்டு, நன்றாக அலசி, பட்டரித் தண்ணீரில் முக்கிக் காய வை. வெளிச்சத்திலேயே செய்யலாம். ஒட்டிக்கொண்ட இடத்தில் இருந்த படம் திரும்பாது, சுற்றி இருப்பது பிழைக்கும்.

பிறை விழுந்த படங்களை அச்சுப் போடலாம். நெகட்டிவில் கறுப்பாக இருப்பது தாளில் வெள்ளையாக வரும், வெள்ளையைப் பிரஷ்ஷால் நிரப்புவது எங்கள் காலத்தில் தினமும் செய்த வேலை. சின்ன பிரஷ், கொஞ்சம் சாயம், நிறையத் தண்ணீர், புள்ளி புள்ளியாக. கூடை இறக்குகிற படத்தை எட்டுக்குப் பத்தில் போட்டு எடுத்து வா, என் கை இன்னும் நடுங்கவில்லை, டச்சிங் நான் செய்து தருகிறேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு வா.


மஸ்கெலியா_35

ஐயா, எறியவில்லை. இரண்டு தாளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். ஹைப்போ இன்றைக்கே கலக்குகிறேன், ரீல் மூன்றும் குசினிக் கம்பியில் தொங்குகின்றன.